ஒரு சாண் இடப்பக்கம்

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமைகளில் துப்பாக்கி மைதானத்தில் கூட்டம் நெரியும். லண்டனின் தெற்கு ஓரத்தில் இருந்தது அது. மிட்சம் பகுதியில் நான் இருந்த அறையிலிருந்து ஒரு பஸ்ஸும் ஒரு ரயிலும் பிடித்துப் போகவேண்டும். வருடம் முழுக்க அலுமாரியில் பூட்டிக் கிடந்த துவக்கைத் தூக்கிக்கொண்டு துரைமார் வருவார்கள். துவக்கின் மேல் பூட்டிய, குறிபார்க்கும் ஸ்கோப் காட்டும் இடத்திலேயே தோட்டாவும் போய் விழவேண்டும். ஒருபோதும் விழாது. அதைச் சரிக்கட்டிக்கொண்டு போகத்தான் வருவது.

நான் குழிக்குள் வேலை செய்தேன். சுடுகிறவர்களிடமிருந்து இருநூறு கெஜம் தள்ளி, மண் அணைக்குப் பின்னால், ஆள் ஆழத்தில் நீளமான ஒரு குழி. குறி அட்டைகள் எங்கள் தலைக்கு மேலே நிற்கும். ஒருவர் சுட்டதும் அட்டையைக் கீழே இறக்குவேன். ஓட்டையைக் கண்டுபிடித்து, அதில் ஆரஞ்சு நிறத் தகடு ஒன்றைக் குத்தி, திரும்ப மேலே ஏற்றுவேன். அவர் அந்தத் தகட்டைப் பார்த்து ஸ்கோப்பின் திருகைத் திருப்புவார். வலப்பக்கம் விழுந்திருந்தால் இடப்பக்கம் திருப்ப வேண்டும். பிறகு நான் ஓட்டைக்குத் தாள் ஒட்டி மறைப்பேன், அவர் மறுபடி சுடுவார். அவ்வளவு தூரத்திலிருந்து ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. தகடுதான் தெரியும். நான் குத்திய இடம்தான் தோட்டா விழுந்த இடம்.

இந்த வேலை எனக்குக் கிடைத்தது தற்செயல். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லண்டனில் பெற்றோல் நிலையம், கோழி பொரிக்கும் கடை, பிளேஸ்டோவில் ஒரு தையல் தொழிற்சாலை என்று எங்கும் ஒரு வருடம் தாண்டி நின்றதில்லை. மைதானத்துக்குக் கக்கூஸ் கழுவப் போனேன். ஒரு நாள் குழிக்கு ஆள் வரவில்லை. பொறுப்பாளர் என்னை இறக்கிவிட்டார். அவர் பழைய பட்டாளத்து ஆங்கிலேயர், வெள்ளை மீசை. தலைக்கு மேலால் தோட்டாக்கள் போக, நான் குனியாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தது அவருக்குப் பிடித்துப்போயிற்று.

"எங்கே பழகினாய்?" என்று கேட்டார்.

"வீட்டில்" என்றேன். அவர் சிரித்தார். நான் பகிடி விடவில்லை.

அந்த வேலையில் என் மூன்றாவது இலையுதிர் காலத்தில் அந்த ஆள் அங்கே வந்தார். தேநீர் அறையில் கண்ட உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் கொழுத்திருந்தார், தலை வழுக்கை, புதுப் பச்சைக் கோட்டு. குரல் மாறவில்லை.

அந்தக் குரலை நான் எண்பதுகளின் கடைசியில் ஒரு குடிவரவு அலுவலகத்தில் கேட்டிருந்தேன். அகதி விசாரணைக்கு என் அண்ணையைக் கூப்பிட்டிருந்தார்கள். ஊரில் இராணுவ முகாமில் அடித்த அடியில் அண்ணைக்கு ஒரு காது கேட்காது. கேள்வியை மற்றக் காதில் திருப்பிச் சொல்ல என்னையும் பக்கத்தில் இருக்க விட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை அதிகாரி. நடுவில் இந்த ஆள், மொழிபெயர்ப்பாளர். கொழும்பில் படித்த யாழ்ப்பாணத்தார், நல்ல ஆங்கிலம்.

அண்ணை ஆறுதலாக, அவசரமில்லாமல் சொன்னார். யார் வந்து பிடித்தது, எங்கே கொண்டுபோனது, இரும்பை எதில் வைத்துச் சுடவைத்தார்கள், பக்கத்தில் கிடந்தவன் எப்போது சத்தம் போடுவதை நிறுத்தினான், எல்லாம். அண்ணை சொல்லி முடிக்க, மொழிபெயர்ப்பாளர் அதிகாரியைப் பார்த்து ஒரு வசனம் சொல்வார். அண்ணை திரும்பவும் நெடுநேரம் சொல்வார். திரும்பவும் ஒரு வசனம். என் ஆங்கிலம் அப்போது ஒன்றுமில்லை. ஆனால் நீளம் தெரியாதவன் இல்லையே நான்.

அண்ணை எழும்பி, போட்டிருந்த சேட்டைத் தூக்கி முதுகைக் காட்டப் போனார்.

"சேட்டை இறக்கும். இது ஆஸ்பத்திரியில்லை" என்றார் மொழிபெயர்ப்பாளர். "சுருக்கமாச் சொல்லும் தம்பி. எல்லாரும் இஞ்சை வந்து இதைத்தான் சொல்லுறாங்கள்."

அதிகாரி என்னவென்று கேட்டார். ஒன்றுமில்லை என்பதுபோல இவர் கையை ஆட்டினார்.

அண்ணையின் மனுவை நிராகரித்துவிட்டார்கள். மேன்முறையீடும் தோற்றது. விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கிய இடத்திலேயே பிடித்து மூன்று வருடம் உள்ளே போட்டார்கள். எனக்கு வாய்த்தது வேறு மொழிபெயர்ப்பாளர். மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர். "அப்புறம் என்ன ஆச்சு? விட்டுடாம சொல்லுங்க" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான் மூக்கைச் சிந்தியதைக்கூட ஆங்கிலத்தில் சொல்லியிருப்பார். எனக்கு விசா கிடைத்தது. எங்கள் இரண்டு பேரின் கதையும் ஒரே கதைதான்.

தேநீர் அறையில் அவர் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"தம்பி யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"எவடம்?"

சொன்னேன். தலையை ஆட்டினார். ஊரைக் கேட்டு ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று பார்க்கிற ஆட்டல். பிறகு தானாகவே சொன்னார்: ஒரு பெரிய வழக்கறிஞர் தன்னை ஸ்கொட்லாந்துக்கு மான் வேட்டைக்கு அழைத்திருக்கிறார், எல்லாம் பெரிய ஆட்கள், இதுதான் முதல் தரம்.

"எங்கடை சனத்திலை ஆர் தம்பி இதுக்கெல்லாம் போறாங்கள்? நான் ஒருத்தன்தான். முதல் வெடியிலையே விழுத்த வேணும். இல்லாட்டி மானம் போச்சு." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "மானும் போச்சு."

நானும் சிரித்தேன்.

"குழிக்குள்ளை நீர்தானே நிக்கிறீர்? வடிவாப் பாத்துக் காட்டும், என்ன? எங்கடை ஆள் எண்டபடியாத்தான் கேக்கிறன்."

"நீங்கள் யோசியாதேங்கோ சேர். நான் பாக்கிறன்."

குழிக்கும் சுடுகிறவர்கள் இருக்கும் மேட்டுக்கும் இடையில் கதைக்க வோக்கி டோக்கி ஒன்று உண்டு. அவர் பொறுப்பாளரிடம் கேட்டு அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தமிழில் கேட்டால் இன்னும் திருத்தமாக இருக்கும் என்றாராம்.

மூன்று வெடி வைத்தார். அட்டையை இறக்கினேன். மூன்றும் நடுவிலிருந்து வலப்பக்கம் ஒரு சாண் தள்ளி, கிட்டக் கிட்ட விழுந்திருந்தன. ஆள் நன்றாகத்தான் சுட்டிருக்கிறார். பிழை ஸ்கோப்பில். இடப்பக்கம் திருப்பினால் சரி.

நான் மூன்றுக்கும் தாள் ஒட்டினேன். தகடுகளை இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குத்தினேன். அட்டையை மேலே ஏற்றினேன்.

"இடப்பக்கமோ?" என்றது வோக்கி டோக்கி.

"ஓம் சேர்."

"எவ்வளவு?"

"ஒரு சாண்."

"என்ன தம்பி ஒரு சொல்லிலை முடிக்கிறீர்? கொஞ்சம் விளக்கமாச் சொல்லுமன்."

குழிக்குள் என்னோடு நின்ற போலந்துக்காரன் திரும்பிப் பார்த்தான். நான் அவ்வளவு பலமாகச் சிரித்துவிட்டேன். பிறகு அவர் விரும்பியபடி விளக்கமாகவே சொன்னேன். உயரம் சரி, கை நிதானம், மூன்றும் ஒரு உள்ளங்கைக்குள், இடப்பக்கம் ஒரு சாண் மட்டும்.

அவர் ஸ்கோப்பை வலப்பக்கம் திருப்பினார். ஏற்கனவே வலப்பக்கம் போன தோட்டா இப்போது இரண்டு சாண் போயிற்று. அட்டையின் ஓரத்தில் விழுந்தது. தகட்டை நட்டநடுவில் குத்தி ஏற்றினேன்.

மேட்டிலிருந்து அவர் சந்தோஷத்தில் கத்தியது வோக்கி டோக்கி இல்லாமலே கேட்டது.

போகும்போது என் தோளில் தட்டினார். "நீர் கெட்டிக்காரன் தம்பி."

மானைப் பற்றி யோசிக்கவில்லையா என்று பிறகு சிலர் கேட்டார்கள். யோசித்தேன். தவறவிட்டால் அது உயிரோடு போகும் என்று நினைத்தேன். குடலில் பட்டு இழுபட்டுச் சாகலாம் என்பதும் எனக்குத் தெரியும். அந்த எண்ணத்தை அன்று தள்ளி வைத்துவிட்டேன். ரயிலில் வரும்போது எனக்கு நல்ல பசி. அதற்கு முந்திய பல மாதங்களில் அப்படிப் பசித்ததில்லை.

மான் ஒன்றும் சாகவில்லை. எனக்குத் தெரியாத ஒரு வழக்கம் ஸ்கொட்லாந்தில் இருந்திருக்கிறது. மலைக்கு ஏற முதல், வந்த விருந்தாளி ஒவ்வொருவரும் வேட்டைக்குக் கூட்டிப்போகிறவன் முன்னால் ஒரு பலகைக் குறியைச் சுட்டுக் காட்டவேண்டும். வழக்கறிஞரும் கூட்டாளிகளும் சுற்றி நிற்க, இவர் சுட்ட ஒன்றுகூடப் பலகையில் படவில்லை. இப்படிப்பட்டவருக்கு என் மலையில் துவக்கு இல்லை என்று அவன் சொல்லிவிட்டான். வேட்டை முடியும்வரை மற்றவர்களின் சாப்பாட்டுப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்தாராம்.

இவ்வளவும் அடுத்த சனிக்கிழமை அவரே பொறுப்பாளரிடம் கொதித்துக்கொண்டு சொன்னவை. மேட்டில் வேறொருவரை அதே துவக்கால் சுடவிட்டு, அட்டையை நேரில் பார்த்து, ஸ்கோப் எவ்வளவு பிழை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். என்னைத் தேநீர் அறைக்குக் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் என்னோடு எப்போதும் கையாலும் சின்னச் சின்னச் சொற்களாலும்தான் பேசுவார். இது பெரிய விஷயம் என்றபடியால் மொழிபெயர்ப்பாளரிடமே சொன்னார்: "என்ன நடந்தது என்று உங்கள் மொழியில் கேளுங்கள்."

"என்னடா காட்டினனீ?" என்றார் மொழிபெயர்ப்பாளர். 'நீர்' போய் 'நீ' வந்துவிட்டது.

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். ஆறுதலாகத் தமிழில் சொன்னேன். அந்த அலுவலகம், அண்ணையின் காது, இரும்பு, பக்கத்தில் கிடந்தவன், தூக்கப்போன சேட்டு, இவர் சொன்ன வார்த்தை, விமானம், மூன்று வருடம். ஒன்றையும் விடவில்லை. அவர் முகம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. ஒருமுறை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

"என்ன சொல்கிறான்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். கண்ணில் வெயில் பட்டதாம், மன்னிப்புக் கேட்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் பேசினானே. இவ்வளவுதானா?"

"இவர்கள் இப்படித்தான்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வேலை தப்பியிருக்கும். மன்னிப்பைக்கூட அவரே எனக்காகக் கேட்டு முடித்துவிட்டாரே. ஆனால் இந்த முறை எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் இருந்தது. பெற்றோல் நிலையத்தில் பொறுக்கியது, கோழிக்கடையில் குடிகாரரிடம் பொறுக்கியது.

"வெயில் இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "நான் வேண்டுமென்று. நான் பொய் காட்டினேன்."

பிறகு மிச்சத்தையும் சொன்னேன். வினைச்சொல் இல்லாமல், காலம் பிசகி, ஒரு சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டி. இரும்புக்கு மேசையில் கிடந்த கரண்டியைத் தூக்கி என் முதுகில் வைத்தேன். சூடு என்பதற்குத் தேநீர்க் கேத்தலைக் காட்டினேன். நான் சொல் தேடி நின்றபோதெல்லாம் பொறுப்பாளர் காத்திருந்தார். முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரிடம், "உண்மையா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் எழும்பித் தன் பச்சைக் கோட்டை எடுத்தார்.

பொறுப்பாளர் என்னிடம், குழியில் பொய் காட்டுகிறவனை வைத்திருக்க முடியாது, அதனால் ஆள் சாகலாம் என்றார். அது சரிதான். கை தந்தார். நான் குலுக்கிவிட்டு வெளியே வந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் மொழிபெயர்ப்பாளர் துவக்குப் பையைப் பின்பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். அடிப்பான் என்று நினைத்தாரோ தெரியாது, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினையோ பேர் தம்பி" என்றார். "ஒரு நாளைக்கு நாலு பேர், அஞ்சு பேர். சத்தியமா எனக்கு ஞாபகமில்லை."

பொய் சொல்லவில்லை. அது அவருடைய கண்ணில் தெரிந்தது. நான் அவருக்குச் சொல்ல வைத்திருந்த தூஷணம் எல்லாம் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கு நடந்தேன்.

அடுத்த மாதம் வடக்கு லண்டனில், எட்மண்டனில் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன், வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் அண்ணை தங்கியிருந்த லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தேன். அண்ணை கேட்கும் காதில் வைத்துக்கொள்ளும்வரை பொறுத்து, முழுவதையும் சொன்னேன். பலகையில் ஒன்றும் படாததைச் சொல்ல, அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பாட்டுப் பையைச் சுமந்ததைத் திரும்பவும் ஒருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன். திரும்பவும் சிரித்தார், இருமினார்.

பிறகு கேட்டார், "அந்தாளுக்கு என்னை ஞாபகம் இருந்ததே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அண்ணைக்கு நான் பொய் சொன்னதில்லை.

"இல்லையண்ணை. ஒருத்தரையும் ஞாபகமில்லையாம்."



"அப்ப நீ செய்தது போதாது, காணாது" என்றார் அண்ணை.