வலது பக்கம் பாரம் கூடிய கம்பி

யாழ்ப்பாணம் ரவுனில் இருந்த ஜிம்முக்கு நான் நாலு மாதம்தான் போனேன். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பின்னேர பஸ்ஸை நம்ப முடியவில்லை. "உடம்பு வளர்க்கப் போய் உயிரை விடப் போறியோ?" என்று அப்பா கத்தினார். அப்பாவோடு வாதாடி வென்றவர் எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் இல்லை. சரி, ஜிம்மையே வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று எனக்கும் என் கூட்டாளிக்கும் விசர் பிடித்தது. அவன் வீடு ஒழுங்கை முடிவில். முதலாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவன்.

கடைசி நாள் ஜிம்மில் கம்பியின் நீளம், தட்டின் அகலம், படுத்துத் தூக்கும் வாங்கின் உயரம் எல்லாவற்றையும் சணல் கயிற்றால் அளந்து, முடிச்சுப் போட்டு எடுத்து வந்தோம். கம்பிக்குப் பழைய தண்ணீர்ப் பைப் ஒன்று அகப்பட்டது. தட்டுக்கு இரண்டு பிஸ்கற் ரின்னில் சீமெந்து குழைத்து ஊற்றினோம். துளை விழுவதற்கு நடுவில் கிறீஸ் பூசிய குழாய்த் துண்டை நிறுத்தினோம். காய்ந்ததும் தட்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சுன்னாகம் சந்தைக்குப் போனோம், நிறுத்துப் பார்க்க. வெங்காய வியாபாரி தராசில் வைத்துவிட்டுச் சிரித்தார். "தம்பியவை, உது எந்த ஊர் வெங்காயம்?"

ஒரு தட்டு மற்றதைவிட நாலு இறாத்தல் கூட. என் கூட்டாளிதான் அதற்குள் சல்லிக்கல்லை அள்ளிக் கொட்டியிருந்தான். உடைத்து மறுபடி வார்க்க உடம்பு வளையாத பஞ்சி. "சோத்துக்கைப் பக்கம் போடுவம். அது தாங்கும்" என்றான் அவன். அன்றிலிருந்து பாரமான தட்டு எப்போதும் வலது பக்கம்தான். அந்தக் கம்பியைப் பிடரியில் வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறி இருந்து எழும்பினோம். சைக்கிள் ரியூப்பைச் சுற்றியும் பைப் கடித்தது. இரண்டு மாதத்தில் இருவருக்கும் வலது தோளில் ஒரே இடத்தில் கறுத்த தழும்பு. பெருமையாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம், மடையன்கள்!

ஏனென்றால், துவக்குத் தூக்கிச் சுட்டவனைத் தோளில் உள்ள தழும்பைப் பார்த்துத்தான் ஆமி பிடிக்கிறது என்பது ஊருக்கே தெரியும். எங்களுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் துவக்கைத் தொட்டதே இல்லை, எங்களுக்கென்ன பயம் என்றிருந்தோம்.

ஒரு நாள் விடிய, ஆமி ஊரை வளைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அப்பா பதறிப்போனார். "உந்தப் பைப்பைக் கண்டால் என்னெண்டு கேளாமலே சுடுவாங்கள். தூக்கிக் கிணத்துக்கை போடு!" எங்கள் ஊரில் பயந்தவன் கைக்கு முதலில் எட்டுவது கிணறுதானே. தட்டும் பைப்புமாக அப்படியே போட்டேன். அந்தச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா என் தலையைத் தடவி, "ஆர் கேட்டாலும் இன்னொரு பிள்ளையின்ரை பேரைச் சொல்லிப்போடாதை" என்றார். ஊரில் எல்லாத் தாய்மாரும் அதைத்தான் சொன்னார்கள்.

ஏழு பேர் வந்தார்கள். அதில் ஒருவன் தமிழ் கதைத்தான். சேர்ட்டைக் கழற்றச் சொன்னார்கள். தோளைப் பார்த்ததும் அதிகாரியின் முகம் மாறியது. தமிழ் கதைத்தவன் கேட்டான்.

"இது என்ன?"

"எக்சர்சைஸ், சேர். கம்பி தூக்கிறனான்."

"கம்பி எங்கே?"

"கிணத்துக்கை."

கம்பி ஏன் கிணற்றுக்குள் போனது? எவன் நம்புவான்! வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிய கதைதான். என்னை முழங்காலில் இருத்தி, பிடரியில் துவக்கை வைத்தார்கள். என் கம்பியை ஒரு நாளும் தொடாத அப்பா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கினார். மூச்சடக்கி மூன்று முறை மூழ்கினார். மூன்றாம் முறை, அவர் பைப்பில் கட்டிய கிணற்றுக் கயிறு இறுகியது. இழுத்துப் போட்டதும், "தூக்கு" என்றான் தமிழ் கதைத்தவன். கை வழுக்கியது. தூக்கினேன். பைப் தழும்பில் சரியாகப் போய் உட்கார்ந்தது. பத்துத் தரம் இருந்து எழும்ப வைத்தார்கள். அதிகாரி தலையாட்டினார்.

"வேறே யார் இதைத் தூக்குறது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். நான் மட்டும்தான்."

நல்ல பிள்ளையாகப் பேர் சொல்லாமல் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அம்மா பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தமிழ் கதைத்தவன் தனியே திரும்பி வந்தான். "அங்கே ஒருத்தன் தோளிலேயும் இதே அடையாளம். உன்னுடைய கம்பியைத்தான் தூக்கினானாம். உண்மையா?"

ஓம் என்றால் முதலில் சொன்னது பொய். பொய் சொன்னவன் ஏன் சொன்னான் என்று எங்கள் இருவரையும் கொண்டுபோவார்கள். ஓம் என்றால் ஒருவேளை இருவரையும் விட்டிருக்கவும் கூடும். அப்பா தண்ணீர் சொட்டச் சொட்ட என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"இல்லை, சேர். நான் மட்டும்தான்" என்றேன்.

அவனைக் கொண்டுபோனார்கள். தெற்கே எங்கோ ஒரு முகாமில் பதினொரு மாதம். அவனுடைய அம்மா எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போதெல்லாம் நான் அறைக்குள் ஒளித்தேன்.

விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், ஓடாமல் ஒளிக்காமல் அவன் வீட்டுக்குப் போனேன். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை அவனுக்கு. இடக்கையால் தேத்தண்ணியை எனக்கு நீட்டினான். பதினொரு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பழகியதை அழுதுகொண்டே சொன்னேன்.

"மச்சான், அண்டைக்கு அவங்கள் திரும்ப வந்து கேட்டவங்கள். நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

"தெரியும்" என்றான். "கண்ணைக் கட்டி, உங்கடை வேலிக்கு இங்காலைதான் என்னை நிப்பாட்டி வைச்சிருந்தவங்கள். தேத்தண்ணியைக் குடி, ஆறுது."