முதல் நடையில் உட்கார்ந்தவர்

ஓடம் அக்கரை மணலில் தட்டி நின்றதும் தலை ஓடக்காரர் முதலில் பார்ப்பது மேஸ்திரி மனைவியின் சேலையைத்தான். நீலக் கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலை. அந்த அம்மாள் நடுப்பலகையிலிருந்து எழுந்து நிற்பார். ஓடக்காரர் குனிந்து, தொடாமல், சேலையின் கீழ் ஓரத்தைச் சுற்றிக் கண்ணை ஓட்டுவார். பிறகு நிமிர்ந்து, "காஞ்சிருக்குது சாமி, ஏறுங்க!" என்று கத்துவார். அதற்காகவே மணலில் காத்திருந்த கூட்டம், தலையில் வெற்றிலைக் கட்டும் கையில் கோழியுமாக இறங்கி வரும். அந்த வருஷத்துப் போக்குவரத்து அப்படித்தான் தொடங்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் சேலத்துப் பத்திரிகை ஒன்று என்னை அந்த ஊருக்கு நிருபராக அனுப்பியது. நாமக்கல்லுக்குத் தெற்கே காவிரிக் கரையில் இருந்த ஊர் அது. வெல்ல மண்டி ஒன்றின் மாடியில் எனக்கு அறை. ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே ஓடப்பட்டறை தெரியும். கோடையில் ஆறு வற்றியதும் வண்டி மாடும் வெல்ல மூட்டையும் ஏற்றும் பெரிய ஓடங்களை உருளைக் கட்டைகளின் மேல் இழுத்து அங்கே கொண்டுவந்து கவிழ்ப்பார்கள். ஆனி மாதம் அணைத் தண்ணீர் வந்து சேரும்வரை அந்தக் கரையில் சுத்தியல் சத்தம் ஓயாது. குங்கிலியப் பிசினைக் காய்ச்சும் புகை என் தலையணை வரைக்கும் ஏறியிருக்கும். முதலில் தூங்க முடியாமல் தவித்தேன். பிறகு அது இல்லாத ஊரில் தூக்கம் வர நாளாயிற்று.

பட்டறையின் பொறுப்பு மேஸ்திரியிடம் இருந்தது. சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஒல்லியான, உயரமான மனிதர். சட்டைப் பையில் ஜெபமாலையும் பென்சிலும் சேர்ந்தே கிடக்கும். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில் எண்ணெயில் ஊறிய நாரை முறுக்கி, மழுங்கிய உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியத்தை ஊற்றி அடைப்பது அவருடைய வேலை. அடைத்த ஓடத்தை உடனே ஓட்ட மாட்டார்கள். கரையோர ஆழத்தில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தி வைப்பார்கள். வெயிலில் சுருங்கிய மரம் ஊறிப் பருத்து இடுக்கை நெருக்கிக்கொள்ளும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஓடம் முழுகிவிட்டது என்று பதறுவார்கள்.

ஊறி முடிந்து, தண்ணீரை இறைத்த பிறகு முதல் நடை. அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. சுமை ஏற்றக் கூடாது. ஓடத்தை அடைத்த மேஸ்திரியின் வீட்டு ஆள் ஒருவர் நடுப்பலகையில் உட்கார்ந்து ஆற்றைக் கடக்க வேண்டும். மேஸ்திரியே உட்கார்ந்தால் செல்லாது. "தான் போறதுக்கு எவனும் துணிவான். பொண்டாட்டி புள்ளய ஏத்தட்டும் பாக்கலாம்" என்பது அந்தக் கரையின் நியாயம். கசிவு இருந்தால் முதலில் நடுவில்தான் தண்ணீர் சேரும், உட்கார்ந்திருப்பவரின் உடை காட்டிக் கொடுத்துவிடும்.

மேஸ்திரிக்கு மனைவி இருந்தார், ஆனால் வீட்டில் இல்லை. நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பு, நடக்கப் பழகிய வயதில் இருந்த அவர்களுடைய ஒரே பையன், ஊறப் போட்டிருந்த ஓடம் ஒன்றில் தவறி விழுந்து இறந்துபோனான். இடுப்பளவுத் தண்ணீர். சேலத்தில் அடக்கம் முடிந்ததும் அந்த அம்மாள் அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. அடுத்த ஆனியில் முதல் நடைக்கு ஆள் இல்லாமல் ஓடங்கள் நின்றன. தலை ஓடக்காரர் பஸ் ஏறிப் போய்க் கேட்டார். மறுநாள் அந்த அம்மாள் வந்து உட்கார்ந்தார், கடந்தார், இக்கரை திரும்பி அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். அதிலிருந்து ஆண்டுக்கு ஒருநாள் அப்படி.

நான் பார்த்தவரை அவர்கள் இருவரும் அந்த நாளில் பேசிக்கொண்டது மிகக் குறைவு. பஸ் நிறுத்தத்துக்கு மேஸ்திரி போக மாட்டார். சவரம் செய்துகொண்டு, தோய்த்த சட்டை போட்டுக்கொண்டு, ஓடத்தின் பக்கத்தில் வேலை இருப்பதுபோல் நிற்பார். அந்த அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு வருவார். மேஸ்திரி நடுப்பலகையைத் தன் துண்டால் துடைப்பார். ஓடக்காரர்கள் முகப்பில் மஞ்சள் பூசித் தேங்காய் உடைக்கும்போது இவர்கள் இருவரும் தனித்தனியே சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்கள். ஓடம் புறப்பட்டுப் போய்த் திரும்பும்வரை மேஸ்திரி தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி நிற்பார்.

ஒருமுறை பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த அம்மாளிடம் நான் பேச்சுக் கொடுத்தேன். நிருபர் வேலை கற்றுக் கொடுத்த துணிச்சல் அது. எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"புள்ள போனது தண்ணியில தம்பி. அவரு அடைச்ச பலகையில தப்பு இல்ல. அது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியணும் இல்லையா? ஆனா அந்தப் பட்டறைக் கொட்டாயில படுத்தா எனக்குக் கண்ணு மூடாது."

அடுத்த வருஷம் அக்கரையில் சேலையைப் பார்த்து முடித்த தலை ஓடக்காரரிடம் அவர் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் வரேன். அதோட சரி. புருசனோட வருஷத்துக்கு ஒரு நாள் குடும்பம் நடத்துறான்னு ஊரு சிரிக்குதாம். எங்கண்ணனுக்குத் தாங்கல." ஓடக்காரர் இக்கரை வந்து அதை மேஸ்திரியிடம் அப்படியே சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். மேஸ்திரி, "ஓ" என்றார். பிறகு காலில் ஒட்டிய மணலை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்தக் கடைசி வருஷம் அந்த அம்மாள் வழக்கம்போல வந்தார், வழக்கம்போல உட்கார்ந்தார். அன்று நானும் கரையில் நின்றேன். வெல்ல வண்டிகள் தெருமுனை வரை நின்றிருந்தன. ஓடம் அக்கரை சேர்ந்தது தெரிந்தது. தலை ஓடக்காரர் குனிந்தது தெரிந்தது. நிமிர நேரமாயிற்று. கத்தல் வரவில்லை. ஓடம் அங்கே யாரையும் ஏற்றாமல் திரும்பி வந்தது. இறங்கிய அந்த அம்மாளின் சேலை ஒரு முழ அளவுக்கு நனைந்து, ஓரத்தில் குங்கிலியம் கரும்பழுப்பாக ஒட்டியிருந்தது. கூட்டம் அந்த ஓரத்தையே பார்த்தது. யாரும் எதுவும் சொல்லுமுன் மேஸ்திரி சொன்னார்: "ஈரந்தான். ஓடத்தைக் கரையேத்துங்க."

துறையைக் குத்தகை எடுத்திருந்தவர் வண்டிக்காரர்களுக்கு நடுவிலிருந்து வந்தார். "என்ன மேஸ்திரி, இத்தன வருஷமா இல்லாதது? வயசாயிருச்சுங்களா?"

"ஆமாங்க. கண்ணு முன்ன மாதிரி இல்லீங்க."

அன்று காலையில்தான், என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்ததற்காக, பட்டறையில் உட்கார்ந்து மேஸ்திரி ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருந்தார். ஒரே முயற்சியில் கோத்தார்.

கரையேற்றிய ஓடத்தைத் தலை ஓடக்காரர் எனக்குக் காட்டினார். மற்ற இடுக்குகள் எல்லாம் கல்லாக இருந்தன. நடுப்பலகைக்கு நேர் கீழே ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் நார் விரல் பட்டதும் கையோடு வந்தது. உளி படாத நார். அதன்மேல் குங்கிலியம் மட்டும் ஒழுங்காக ஊற்றப்பட்டிருந்தது. ஓடக்காரர் என்னைப் பார்த்தார். "எழுதிப்போடாதீங்க பேப்பர்க்காரரே" என்றார். எழுதவில்லை.

அடைப்பு மாறினால் மீண்டும் முதல் நடை. மீண்டும் வீட்டு ஆள் உட்கார வேண்டும். காயவிட்டு, அடைத்து, ஊறப் போட்டு எடுக்கச் சில நாட்கள் ஆகும். அயோத்தியாப்பட்டணம் போய்த் திரும்புவதில் அர்த்தமில்லை என்று அந்த அம்மாள் பட்டறைக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார். கதவு ஆற்றைப் பார்த்தது. அவர் அதைச் சாத்திவிட்டுத் தெருப்பக்கத் தட்டியைப் பிரித்து வழி செய்துகொண்டார்.

அந்த நாட்களில் ஜன்னல் வழியே நான் கேட்டதெல்லாம் சாதாரணமான பேச்சுதான்.

"உப்பு எங்க வெச்சிருக்கீங்க?"

"அந்த டப்பாவுல பாரு புள்ள."

"இதுல ஆணி இருக்கு."

"அப்ப ஆணி டப்பாவுல பாரு."

"ஆணி டப்பாவுல உப்ப வெக்கிற மனுஷன நான் எங்கயும் பாக்கல."

மேஸ்திரி சிரித்த சத்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். மண்டி மாடியில் தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது எளிதாக இல்லை.

இரண்டாவது நடையில் சேலை காய்ந்திருந்தது. அவர் இக்கரை திரும்பி, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அன்றைக்கு மேஸ்திரி பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றார். மாலையில் ஓடக்காரர்கள் அவரைச் சீண்டினார்கள். "ஏனுங்க மேஸ்திரி, இன்னொரு இடுக்கையும் உட்டிருந்தா ஆடிப் பதினெட்டு வரைக்கும் இருந்திருப்பாங்கல்லோ?" மேஸ்திரி சுத்தியலைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

குத்தகைக்காரருக்கு அது வேடிக்கையாக இல்லை. ஓடம் நின்ற நாட்களில் வெல்லமெல்லாம் மேல்துறைக்குப் போயிருந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம் பேச்சு. 'மேஸ்திரி சம்சாரம் சேலையே நனைஞ்சுதாமா' என்ற சொல் ராசிபுரம் சந்தைவரை போயிற்று. மறு கோடையில் ஓடங்கள் கரையேறியபோது கீழ்க்காவிரியிலிருந்து வேறொரு மேஸ்திரி, மனைவியும் நான்கு பிள்ளைகளுமாக வந்து இறங்கினார். நம்முடையவர் நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை ஒன்றில் சேர்ந்தார். நான் ஒருமுறை அங்கே போய்ப் பார்த்தேன். பலகைகளை நெருக்கமாக இழைத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு இவ்வளவு இறுக்கம் வேண்டாங்கிறாங்க தம்பி. கை கேக்க மாட்டேங்குது" என்றார். அறுபதுகள் முடிவதற்குள் இறந்துபோனார்.

இப்போது அந்தத் துறைக்குப் பக்கத்தில் பாலம் இருக்கிறது. பட்டறை இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன, டயர் கடை ஒன்று இருக்கிறது. பஸ் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஆற்றைப் பார்ப்பதுகூட இல்லை. யாரும் யாருக்காகவும் கரையில் நிற்கத் தேவையில்லை. எனக்கு அந்தப் பாலத்தில் ஞாபகம் வருவது ஆறு அல்ல, அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கொடிக்கயிறு.

மேஸ்திரியின் அடக்கத்துக்குச் சில மாதங்கள் கழித்து அந்த அம்மாளைப் பார்க்கப் போயிருந்தேன். வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. நீலக் கரை வெளிறிப் போன அதே வெள்ளைச் சேலை. கீழ் ஓரத்தில் குங்கிலியக் கறை. என் பார்வை போன இடத்தை அவர் கவனித்தார்.

"உக்காந்த கொஞ்ச நேரத்துலயே கால்ல ஜில்லுனு பட்டுச்சு. எந்த எடம்னு பாத்தேன். புரிஞ்சுபோச்சு. திருப்புங்கன்னு சொல்லியிருக்கலாம். சேலையத் தூக்கிப் புடிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ரெண்டும் செய்யல தம்பி."

அவரே தொடர்ந்தார்.

"அடுத்த ஆனிக்கு ஒரு ஆள அனுப்பியிருந்தா, எங்கண்ணன் என்ன சொன்னாலும் போயிருப்பேன். குடையக்கூட எடுத்து வெச்சிருந்தேன். அப்புறம்தான் சொன்னாங்க, வேற மேஸ்திரி வந்துட்டாருன்னு. அவங்க ஓடத்துல அவங்க வீட்டு ஆளுதான உக்காரணும். எனக்கு அங்க என்ன வேல?"

வானம் கறுத்திருந்தது. பேசிக்கொண்டே கொடியருகில் போனார். குனிந்து, அந்தக் கறை பட்ட ஓரத்தை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.