என்னைக்குத் திங்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலைய வாசலில் ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் விற்ற அம்மாள் அவர். பெரிய மூக்குத்தி, காய்த்த கைகள். "என்னைக்குத் திங்கணும்?" என்று கேட்டு, காம்பை முகர்ந்து, அந்த நாளில் பழுக்கும் காயாக எடுத்துத் தருவார்.

"ஞாயித்துக்கிழமை. மகன் வாரான்" என்றேன்.

அவன் வரவில்லை. பழங்கள் அழுகின.

மறுவாரம் கேட்டார்: "மகன் மூக்கு முட்டத் தின்னாரா சார்?"

"ரொம்ப இனிப்புன்னான்."

"குடுத்து வச்சவுக. எம் மக பிள்ளைகளுக்கும் மே மாசந்தான் லீவு. எனக்கு அப்பத்தான் யாவாரம். வராதேன்னுட்டேன்."

நானும் தனியாள்தான் என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது மழைக்காலம். அதே இடத்தில் அவித்த கடலை விற்கிறார். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் வாங்குகிறேன். கடலைக்கு அவர் நாள் கேட்பதில்லை.