இரண்டு பங்குக்கும் சேராத மதினி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு பேண்டேஜ் துணி மடிக்கப் போனவள் நான். துணி மடித்தால் ஓரம் நேராக வரும், எழுதினால் வரி கோணிக்கொண்டு போகும். மறதியும் கூடிவிட்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் வைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் மட்டும் மறக்கவில்லை. வாயைத் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் வந்துவிட்டதால், இப்போது நோட்டு வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறேன். பங்குகளின் பெயரோ ஆட்களின் பெயரோ எழுத மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

என் வீடு இராஜபாளையத்தில். என் வீட்டுக்காரருடைய அக்காவை நான் மதினி என்பேன். அவளுடைய மகன் மம்சாபுரத்தில் இருக்கிறான். ஒரு சாமியாருக்குக் கீழே உள்ள கோயில் வட்டாரத்தைப் பங்கு என்போம். என் வீடு ஒரு பங்கு, அவன் வீடு அடுத்த பங்கு. மதினி இடுப்பு ஒடிந்து படுத்ததிலிருந்து மூன்று மாதம் மகன் வீட்டில், மூன்று மாதம் என் வீட்டில் என்று முறை வைத்திருக்கிறோம். முறை மாறும் நாளில் டிரங்குப் பெட்டி, தலையணை, கண்ணாடி போட்ட மாதா படம் மூன்றோடும் ஆட்டோவில் வந்து இறங்குவாள். நான் இருக்கும் வீடு அவளுடைய அப்பா கட்டியது. அதனால் அவள் விருந்தாளி மாதிரி வருவதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்தவள் மாதிரி வருவாள்.

"ஏட்டி, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சு எம்புட்டு வருசமாச்சு?" என்பதுதான் ஆட்டோவில் இருந்து இறக்கும்போதே அவள் கேட்கும் கேள்வி.

எனக்கு அவளைப் பிடிக்காது. அவளுக்கும் என்னைப் பிடிக்காது. இதை மறைத்து எழுதினால் மீதி எழுதுவதும் பொய்யாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்மை வாங்கியாக வேண்டும். படுத்த பிறகு கோயிலுக்குப் போக முடியாதே. சாமியாரோ, சாமியார் அனுப்பும் ஆளோ அந்த நற்கருணை அப்பத்தை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் காத்திருப்பாள். ஸ்டூலில் வெள்ளைத் துணி, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், மெழுகுதிரி, ஒரு தம்ளர் தண்ணீர் எல்லாம் அவள் கண் எதிரே அடுக்கி இருக்க வேண்டும். துணியில் ஒரு சுருக்கம் இருந்தால் போச்சு.

இரண்டு பங்கிலும் அவள் பெயர் எழுதியிருந்தது. இங்கே இல்லையென்றால் அங்கே இருப்பாள். அவள் வீட்டில் இல்லை என்றால் வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள். அதில் யாருக்கும் நட்டம் இல்லை.

அப்போதுதான் பக்கத்துப் பக்கத்துப் பங்குகள் எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்யக் கூடாது, சேர்ந்து திட்டமிட வேண்டும், வருஷம் முழுவதும் அதை மதிப்பீடு செய்ய வேண்டும் என்று பேச்சு வந்தது. எங்கள் இரண்டு பங்குக்கும் ஒரு கூட்டுக் குழு. பத்து இருபது வீடு சேர்ந்தது ஒரு அன்பியம் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒரு ஆள் குழுவுக்குப் போக வேண்டும். எங்கள் அன்பியத்தில் இரண்டு பேர் போட்டி போட்டுச் சண்டை வந்தது. கடைசியில் என்னைப் போட்டார்கள். "இவிய வாயே திறக்க மாட்டாக, வம்பில்ல" என்று ஒருத்தி என் எதிரேயே சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்படியில் பாத்திரத்தை டங்கென்று வைத்தேன்.

குழுவுக்குச் செயலாளர், நூல் மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மில்லை விட்டு வந்தார், மில் அவரை விட்டுப் போகவில்லை. சுவரில் பெரிய சார்ட் ஒட்டி, மறைக்கல்வி, திருவிழா, பாடகர் குழு, நோயாளிகள் சந்திப்பு என்று கட்டம் போட்டிருந்தார். வேலை முடிந்தால் பச்சைப் பொட்டு, பாதி என்றால் மஞ்சள், நடக்கவில்லை என்றால் சிவப்பு. கையில் ஸ்டிக்கர் தாள் வைத்திருந்தார்.

முதல் கூட்டத்தில் பாதி நேரம், சேர்ந்து நடத்தும் பவனி எந்தக் கோயிலில் இருந்து கிளம்புவது என்ற சண்டையிலேயே போனது.

"போன தடவை ஒங்க ஆளுக மைக்கை விட்டாகளா? எங்க பிள்ளைக வெயில்ல நின்னதுதான் மிச்சம்" என்றார் அடுத்த பங்குக்காரர் ஒருவர்.

"பாடத் தெரிஞ்சா விட்டிருப்போம்ல" என்று எங்கள் பக்கத்திலிருந்து பதில் போனது.

இரண்டு சாமியார்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேர்ந்து வாழ்வதற்குத் திட்டம் போட வந்த கூட்டம் அது.

நோயாளிகள் கட்டம் வந்தபோது சூப்பர்வைசர் இரண்டு பங்குப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ஒரே ஆள் பேரு ரெண்டு லிஸ்ட்டுல இருக்கு. ஒரு வேலையை ரெண்டு பேரு செய்யுறது வேஸ்ட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பங்கு. இந்த அம்மா எந்தப் பக்கம்?" என்று மதினியின் பெயரை வாசித்தார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இப்ப மகன் வீட்டுல இருக்காக" என்றேன்.

அவர் எங்கள் பட்டியலில் அவள் பெயர் மேல் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். அடுத்த மாதம் அவள் முறை மாறி இங்கே வருவாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. வெட்கம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். முழுக்க அதுவும் இல்லை. அந்த வாரம்தான் மதினி போனில், "என் அப்பன் வீட்டை நீ குட்டிச்சுவராக்கிட்டே" என்று சொல்லியிருந்தாள். கோடு விழுந்தபோது எனக்குள் எங்கோ ஒரு மூலையில், விழட்டும் என்று இருந்தது.

அடுத்த மாதம் மதினி பெட்டியோடு வந்தாள். முதல் வெள்ளி ஸ்டூல் போட்டு, துணி விரித்து, திரி ஏற்றினேன். பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. திரி பாதிக்கு மேல் கரைந்தது. தெரு முனையில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மதினி முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வாள். வண்டி தாண்டிப் போகும். சங்கு ஊதி மில் ஷிப்ட்டும் மாறியது. அதற்குப் பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

"ஏட்டி, சாமியாருகிட்ட நான் வந்திருக்கேன்னு சொன்னியா?"

"அவியளுக்குத் தெரியும் மதினி. வருவாக."

மறுநாள் அவள் மகன் போனில் சொன்னான். "அத்தை, நேத்து இங்க நன்மை கொண்டாந்தாக. அம்மா இல்லேன்னேன். சரின்னு நோட்டுல டிக் போட்டுட்டுப் போய்ட்டாக."

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. சாமியார் அறை வாசல் வரைக்கும் போனேன். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். செத்த நேரம் நின்றேன். திருமண ஓலை வாசிப்பது பற்றி ஏதோ பேச்சு. என் காரியம் சின்னதாகத் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டேன். இரண்டாவது மாதமும் அப்படியே. மூன்றாவது மாதம் மதினி என்னைத் திரி ஏற்ற விடவில்லை.

"எதுக்கு மெழுகை வீணடிக்க? நீ கமிட்டியில பெரிய மெம்பரு. ஒன் வீட்டுக்கே ஆண்டவரைக் கூப்பிடத் துப்பில்ல. போ, போயி ஸ்டிக்கர் ஒட்டு."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவள் தோள் குலுங்கியது. அறுபது வருஷமாக அவளோடு மல்லுக்கட்டுகிறேன், அவள் அழுது பார்த்ததில்லை. அவள் தம்பி, என் வீட்டுக்காரர், செத்தபோதும் என்னைத்தான் திட்டினாளே ஒழிய அழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதிப்பீட்டுக் கூட்டம். சார்ட்டில் நோயாளிகள் கட்டத்துக்கு நேராகப் பச்சைப் பொட்டு ஒட்டியிருந்தது. ஒரு பெயர் விடாமல் எல்லா வீட்டுக்கும் ஆள் போயிருக்கிறது, எல்லாப் பெயருக்கும் டிக் இருக்கிறது என்றார் சூப்பர்வைசர். ஆள் போனது உண்மை. பூட்டிய வீட்டுக்குப் போனாலும் போனது போனதுதான் அவருக்கு. படிவத்தில் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்கள். என்னிடம் வந்தது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தையே பார்த்தேன்.

"என்னம்மா, கையெழுத்து வராதா? ரேகை வச்சாலும் போதும். மை இருக்கு" என்றார்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. கையெழுத்துப் போடும் இடத்தில் கோணல் மாணலாக எழுதினேன். "எங்கள் மதினி என் வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதமாக நன்மை வரவில்லை." அதற்குக் கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன்.

அவர் வாசித்தார். "கருத்து எழுத கடைசிப் பக்கம் இருக்கேம்மா. இங்க எழுதி ஃபாரத்தைக் கெடுத்துட்டியளே" என்றார். முதலில் வருத்தப்பட்டது ஃபாரத்துக்குத்தான்.

எங்கள் சாமியார் வாங்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "யாருடைய பொறுப்பு இது?" என்று கேட்டார். உடனே அவிய பொறுப்பு, இவிய பொறுப்பு என்று பவனிச் சண்டை மறுபடியும் தொடங்கிவிட்டது. நாங்கள் போனோமே, ஆள் இல்லையென்றால் என்ன செய்வது என்றது அந்தப் பங்கு. எங்கள் லிஸ்ட்டில் பெயரே இல்லையே என்றது எங்கள் பங்கு. கடைசியில் சூப்பர்வைசர் பச்சைப் பொட்டின் மேல் ஒரு மஞ்சள் பொட்டை ஒட்டினார். அந்தப் பங்குப் பட்டியலில் மதினி பெயரை அடித்து எங்கள் பட்டியலில் எழுதினார். அடிக்கோடும் போட்டார்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக் கடைசியில் மதினி மம்சாபுரம் போகிறாள். செய்த தப்பையே திரும்பவும் செய்துவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மாதம் பிறந்து முதல் வெள்ளிக்கிழமை காலையில் என் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. எங்கள் பங்கிலிருந்து நன்மை கொண்டு வந்த பெண். மில் ஆபீசில் வேலை பார்ப்பவள், பெர்மிஷன் போட்டு வந்திருந்தாள். கழுத்தில் நற்கருணைச் சிமிழ் தொங்கியது. உள்ளே மதினியின் கட்டில் வெறுமனே கிடந்தது.

"ஆச்சி, அவிய இல்லையா?"

"மம்சாபுரம் போயிட்டாக."

"அப்ப அது அந்தப் பங்கு ஏரியா ஆச்சி. நாங்க எல்லை ரோட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிருக்காக" என்று நோட்டை எடுத்தாள். டிக் போடப் பேனாவைத் திறந்தாள்.

நான் அந்த நோட்டின் மேல் கையை வைத்தேன். "டிக்கு போடாத. வண்டியை எடு. நானும் வாரேன்."

இதுவரைக்கும் நான் ஸ்கூட்டியில் ஏறியது கிடையாது. நற்கருணை இருந்ததால் அவள் வழியெல்லாம் பேசவில்லை. நான் பயத்தில் பேசவில்லை. மம்சாபுரத்தில் மகன் வேலைக்குப் போயிருந்தான். மதினி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். இட்லி பாதி தின்றிருந்தாள்.

"யாரும் வர மாட்டாகன்னு சாப்பிட்டுட்டேனே" என்றாள்.

நன்மைக்கு முன்னால் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்ற கட்டுப்பாடு வயசானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இல்லை என்று அந்தப் பெண் எவ்வளவோ சொன்னாள். மதினி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். "எனக்குச் சட்டம் சொல்லாத. ஒரு மணி நேரம் ஆகட்டும்" என்றாள்.

ஆபீசுக்குப் போக வேண்டுமே என்று அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "ஒக்காரு தாயி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். மூன்று பேரும் ஒரு மணி நேரம் காத்திருந்தோம். நான் துணி விரித்தேன். மதினி சுருக்கத்தைப் பார்த்தாள், சொல்லவில்லை. நேரம் ஆனதும் நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். நான் முழங்கால் போட்டபடியே சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, "அடுத்த தடவை வெள்ளன கூட்டியா. வயித்தைக் காயப் போட்டுட்டு எம்புட்டு நேரம் இருக்க?" என்றாள். வா என்றும் சொல்லவில்லை, வந்தாயே என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெண் நோட்டில் என்ன எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. டிக் போட்டிருந்தால் சார்ட்டில் பச்சைப் பொட்டு விழுந்திருக்கும், மதினியை எங்கள் வீட்டில் பார்த்ததாகத்தான் ஆகியிருக்கும். நான் எழுதியதில் மாதக் கணக்கு முன்பின் இருக்கலாம், அதை யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். அதைவிட முதலில் கோயில் ஆபீசுக்குப் போய் அந்தப் பட்டியலைப் பாருங்கள். மதினி பெயர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம்தான் இருக்கிறது என்றால், அடுத்த முதல் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். திரும்பவும் ஸ்கூட்டியில் ஏற வேண்டியிருக்கும்.