புகைக்குள் நான் சொன்ன ‘ஓம்’

போன ஆகஸ்ட் விடுமுறையில் தோழிகளோடு கிழக்கு ஜாவாவுக்குப் போயிருந்தேன். வெள்ளவத்தையில் வருடக்கணக்காகப் புவியியல் ரியூசன் கொடுக்கிறேன். கரும்பலகையில் கீறிய எரிமலைகளுக்குக் கணக்கே இல்லை. நேரில் ஒன்றையும் கண்டதில்லை. இலங்கையில்தான் எரிமலையே கிடையாதே!

தெங்கர் மலைத்தொகுதியின் விளிம்பில் ஜீப் நின்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆதியில் அது ஒரே பெரிய எரிமலை. வெடித்து, வயிறு காலியாகி, உச்சி உள்ளே இடிந்து விழுந்ததில் பிரமாண்டமான அப்பச்சட்டி போல ஒரு பள்ளம். அடியில் கறுப்பு மணல்வெளி. நடுவில் பிறகு முளைத்த கூம்புகள். ஒன்று குளிர்ந்துபோய், மழை அரித்த வரிகளோடு சும்மா நிற்கிறது. பக்கத்திலேயே ப்ரோமோ என்ற கூம்பு இன்னும் புகைகிறது. நான் படிப்பித்ததெல்லாம் உண்மை! சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினேன்.

ஜீப் மணல்வெளிக்கு இறங்கி நின்றதும் தோழிகள் அதிலேயே இருந்துவிட்டார்கள். நரைத்த மீசைக்கார சாரதிதான் என்னோடு ப்ரோமோவின் படியேறினார். உச்சியில் அவர் தடுப்புக் கம்பியோடு நின்றுகொண்டார். நான் படமெடுக்கும் ஆசையில் கம்பி முடியும் இடத்தையும் தாண்டிப் போய், வீட்டிலிருந்த கணவருக்குப் போன் எடுத்தேன். எரிமலைவாய் போட்ட இரைச்சலில் கத்தித்தான் கதைக்க வேண்டியிருந்தது.

“என்னப்பா, எரிமலை வாய்க்கு உள்ளுக்கை தெரியுதோ?” என்று கேட்டார்.

“ஓம்!”

திடீரென்று காற்றுத் திரும்பியது. கந்தகப் புகை என்னை அப்படியே மூடியது. கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. எந்தப் பக்கம் பாதை, எந்தப் பக்கம் பள்ளம் என்றே தெரியவில்லை.

“என்னப்பா, நான் கதைக்கிறது கேக்குதோ?”

“ஓம்! ஓம்!” என்று இருமியபடி கத்திக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று பின்னால் இழுத்தது. புகை விலகியதும் பார்த்தேன். பாதை என்று நினைத்து நான் கால் வைத்தது வாய்ப்பக்கம். மணல் இன்னும் சரிந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது.

சாரதிக்குக் கண்ணெல்லாம் சிவந்து நீர் வடிந்தது. நான் கூப்பிட்டபடியால்தான் வந்தாராம். நான் எங்கே கூப்பிட்டேன்? பிறகுதான் விளங்கியது. எங்களுக்கு ‘ஓம்’ என்றால் ஆமாம்; இந்தோனேசிய பாஷையில் ‘ஓம்’ என்றால் மாமா, சித்தப்பா!

நான் அவரைக் கூப்பிடவே இல்லை. ஆனாலும் உறவுமுறை சொல்லி ஒருத்தி அழைக்கிறாள் என்று நம்பி, தன் உயிரையும் பாராமல் புகைக்குள் வந்த அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் சொந்தக்காரிதான்.