அடிக்கும்போது மனதுக்குள் ஒரு சொல்

ஐம்பது வயதுக்கு மேல் நான் கோல்ஃப் கற்றுக்கொள்ளப் போனதற்கு என் ஆசை காரணமில்லை. அப்போது மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் கோல்ஃப் ஆடுகிறவர்கள், அவர்களோடு பழக நம் ஆட்களுக்கும் அது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் முதலாளிக்குத் தோன்றிவிட்டது. என் தொப்பையை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்க உடம்புக்கும் நல்லது" என்றார். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெருங்களத்தூர் வீட்டிலிருந்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, வலை கட்டிய ஒரு பயிற்சித் திடலுக்குப் போக ஆரம்பித்தேன்.

வரிசையாகப் பச்சை விரிப்புகள் போட்டிருப்பார்கள். ஒரு பக்கெட் நிறையப் பந்து கொடுப்பார்கள். பந்தை விரிப்பின் மேல் வைத்து, தூரத்தில் நட்டிருக்கும் கொடியை நோக்கி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடுகிற பந்தில்லை, எதிரே யாரும் வீசுவதுமில்லை. அசையாமல் கிடப்பதை அடிப்பது ஒரு பெரிய வித்தையா என்று நினைத்தேன். முதல் நாள் மட்டை பந்தில் படவேயில்லை. பட்ட அன்றைக்குப் பந்து தவளை மாதிரி தத்திப்போய் அடுத்த விரிப்புக்காரர் காலடியில் நின்றது.

பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், பொறுமைசாலி. "தலையைத் தூக்காதீங்க சார்" என்பார். அடுத்த வாரம் "இடது கை மடங்குது பாருங்க" என்பார். பிறகு இடுப்பு, முழங்கால், மணிக்கட்டு. அவர் ஒவ்வொன்றாகத்தான் சொன்னார். நான்தான் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். போதாததற்கு மதிய உணவு இடைவேளையில் போனில் வீடியோக்கள் வேறு. மட்டை மேலே போய்க் கீழே வர ஒரு மூச்சு நேரம்கூட ஆகாது. அதற்குள் தலை, கை, இடுப்பு என்று எனக்குள்ளேயே பத்துப் பேர் கத்துவார்கள். உடம்பு யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் விறைத்துப் போய்விடும்.

பக்கத்து விரிப்பில் ஒரு பெண்மணி ஆடுவார். மேடவாக்கத்தில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், என் வயதுதான் இருக்கும். பெரிய பலசாலியில்லை. ஆனால் அவர் அடித்தால் பந்து அழகாக எழும்பிக் கொடிக்குப் பக்கத்தில் போய் விழும். ஒவ்வொரு முறையும் அவர் உதடு அசைவதைக் கவனித்தேன். ஒருநாள் கேட்டே விட்டேன்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அடிக்கும்போது ஏதோ சொல்றீங்களே, மந்திரமா?"

"சொன்னா கிண்டல் பண்ணக் கூடாது."

"மாட்டேன்."

"'ஆ… காட்டுங்க'ன்னு சொல்லிக்குவேன். மட்டை மேல போகும்போது 'ஆ…', கீழ வரும்போது 'காட்டுங்க'. கிளினிக்ல நாள் முழுக்க சொல்றதுதான். அதைச் சொன்னா என் கை தானா நிதானமாயிடும். அவசரப்பட்டா பேஷன்ட் பயந்துடுவாங்க இல்ல?"

கொடுத்த வாக்கை மறந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பிறகு, "கோல்ஃப் ஆடுறவங்க பல பேர் இப்படி ஏதாவது ஒண்ணு வெச்சிருப்பாங்க சார்" என்றார். "சிலர் மனசுக்குள்ள எண்ணுவாங்க, சிலர் பாட்டு முணுமுணுப்பாங்க. சிலர் பந்து போய் விழற இடத்தை மட்டும் நினைப்பாங்க. ஆனா ஒரு அடிக்கு ஒண்ணுதான். கை எங்கே, கால் எங்கேன்னு உடம்பை நோண்ட ஆரம்பிச்சீங்க, போச்சு. என்னோடது உங்களுக்கு ஒத்து வராது. உங்களோடதை நீங்கதான் தேடிக்கணும்."

தேடினேன். 'நிதானம்' என்று சொல்லிப் பார்த்தேன், இன்னும் படபடப்பானது. பிள்ளையாரைக் கூப்பிட்டேன், பந்து வலைக்குப் பின்னால் போனபோது அவர்மேல் பழிபோட்ட மாதிரி இருந்தது. ஒருநாள் ஸ்கூட்டர் பழுதாகிப் பேருந்தில் போனேன். பெருங்களத்தூர் நிறுத்தத்தில் கூட்டமெல்லாம் ஏறி முடிந்ததும் கண்டக்டர், "போலாம்…" என்று இழுத்து, "ரைட்!" என்று வெட்டினார். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு உடம்பில் ஊறிய தாளம் அது. திடலுக்குப் போய் 'போலாம்…' என்று மட்டையைத் தூக்கினேன், 'ரைட்' என்று இறக்கினேன். பந்து பட்டதே கையில் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அது வானத்தில் போய்க்கொண்டிருந்தது.

பயிற்சியாளர் ஓடி வந்தார். "என்ன சார் பண்ணீங்க?"

"கண்டக்டர் ஆயிட்டேன் சார்" என்றேன். பல் டாக்டர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்.

அடுத்த ஆண்டு மழைக்காலம் தொடங்கியிருந்தபோது, ஒரு காலையில் என் மனைவியின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. எதிர் வீட்டுக்காரர் காரை எடுத்தார். பக்கவாதம், சரியான நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த எதிர் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் என் கை தானாகக் குவிகிறது.

பேச்சு திரும்பியது. கையும் மெல்லத் திரும்பியது. வலது கால்தான் அடம்பிடித்தது. தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள். நாளெல்லாம் நின்றே பாடம் நடத்தியவள், எங்கள் வீட்டுக் கூடத்தைக் கடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிசியோதெரபி செய்ய ஒரு பெண் வீட்டுக்கு வருவார். "குதிகாலை முதல்ல வைங்க மேடம். முட்டியை மடக்குங்க. இடுப்பைத் தூக்காதீங்க. நிமிர்ந்து பாருங்க" என்பார். போதாக்குறைக்கு நானும், வீடியோ காலில் பெங்களூரிலிருந்து மகனும் ஆளுக்கொன்று சொல்லுவோம்.

ஒருநாள் கூடத்தின் நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். "எத்தனை பேர் சொல்றதைத்தாங்க இந்தக் கால் கேக்கும்?" என்று அழுதாள்.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். பச்சை விரிப்பில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நான் விறைத்து நின்ற அதே நிலை. பிசியோ பெண் கிளம்பும்போது வாசல்வரை போய், கோல்ஃப் திடலில் நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு என்னை முட்டாளென்று நினைப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "இதை எங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்காங்க சார்" என்றார். "மேடம் விழுந்துடுவாங்களோங்கற பயத்துல எல்லாத்தையும் ஒண்ணா சொல்லிடறேன். நாளைக்கு நான் பக்கத்துல பிடிச்சுக்கறேன், வாயைத் திறக்க மாட்டேன். மேடம் என்ன நினைக்கணுமோ நினைக்கட்டும்."

மனைவியிடம் சொன்னேன். "உங்க பஸ் எனக்கு வேணாம்" என்றாள் உடனே.

மறுநாள் பிசியோ பெண் அவள் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். மனைவி கொஞ்ச நேரம் சமையலறைப் பக்கம் முறைத்துப் பார்த்தாள். புருவம் நெரிந்தது. பிறகு நடந்தாள். கால் இழுத்தது, ஆனால் நிற்கவில்லை. சமையலறைக் கதவு நிலையைத் தொட்டுத் திரும்பினாள். பிசியோ பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன நினைச்சே?" என்று கேட்டேன்.

"செவன்த் பி-யில டீச்சர் வரலை. பசங்க கத்தறாங்க. அடக்கப் போனேன்."

சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. கணவனும் மகனும் பிசியோவும் சொல்லியும் அசையாத கால், ஒரு வகுப்பறைச் சத்தத்துக்கு எழுந்து போனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் ஏதோ ஒரு வகுப்பில் சத்தம் இருந்தது. மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு மட்டும் ஹெட்மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று வைத்துக்கொண்டாள்.

அவள் பிடிமானம் இல்லாமல் நடக்க ஆரம்பித்த பிறகுதான் நான் மறுபடி திடலுக்குப் போனேன். அவளையும் அழைத்துப் போனேன். பல் டாக்டர் அங்கே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒரு நிமிஷம் சிரிச்சுட்டுப் போயிடுவீங்கன்னுதான் சொன்னேன்" என்றார். "இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை."

என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இருவரும் கடைவாய்ப் பல் ஒன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பள்ளிக்குத் திரும்பியபோது அவளுக்குக் கீழ்த்தள வகுப்புகளாக ஒதுக்கிக் கொடுத்தார்கள், அதுவும் ஒரு நல்ல மனசு. நான் இப்போது வேலையிலிருந்து ஓய்வுபெற்றுவிட்டேன். சாயங்காலங்களில் இருவரும் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நடக்கப் போகிறோம். களைத்த நாட்களில் வலது கால் கொஞ்சம் பின்தங்கும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் எனக்கு முன்னால் போய்விட்டு, "வாங்களேன், இருட்டறதுக்குள்ள" என்று திரும்பிப் பார்த்துக் கூப்பிடுகிறாள். நான் வேண்டுமென்றே நாலடி பின்னால் வருகிறேன். அவள் நடப்பதைப் பார்க்க எனக்கு அந்த இடம்தான் வசதி.