சர்வருக்கு வேணுமா, வேணாமா

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில ஆண்டுகள் ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். வேலூரிலிருந்து தினமும் பஸ். அம்மா அங்கே நர்ஸ். நர்ஸ் பெற்ற பெண் தோல் கம்பெனிக்குப் போவதா என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "அவளுக்குப் பிடிச்சிருக்கு, போறா" என்று அம்மா பேச்சை முடித்துவிடுவார்.

பிரிவில் மூன்றே பேர். மேலாளர், நான், என்னோடு சேர்ந்த தோழி. அவள் ஆம்பூர்க்காரி, வீட்டில் உருது, எங்களிடம் தமிழ். வெளிநாட்டு வியாபாரிகள் தோலின் நிறங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஓர் இணையதளம் செய்திருந்தோம். பக்கங்களை நான் எழுதுவேன், படங்களை அவள் சேர்ப்பாள்.

அதற்கு நாங்கள் வைத்திருந்த மென்பொருள், பக்கமா, படமா என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வகை கேட்கும். சரியான வகை போட்டால்தான் ஃபைல், தளத்தை வெளியுலகுக்குக் காட்டும் சர்வருக்குப் போகும். புது ஃபைல் என்னவென்று புரியாவிட்டால் 'எதுவுமில்லை' என்று தானே குறித்துக்கொண்டு அனுப்பாமல் விட்டுவிடும். எங்கள் கம்ப்யூட்டரில் படம் அழகாகத் தெரியும். சர்வரில் பார்த்தால் வெறும் கட்டமும் சிவப்புப் பெருக்கல் குறியும். இது போதாதென்று மேலாளர் தோல் படம், ஷூ படம், அலங்காரப் படம் என்று தன் பங்குக்கும் வகைகளைச் சேர்த்திருந்தார்.

ஒருநாள் முதலாளியின் அறையில் வியாபாரி ஒருவர் தளத்தைத் திறந்தார். பழுப்பு நிறம் ஒன்றுகூட வரவில்லை.

மேலாளர் நேராகத் தோழியின் மேஜைக்கு வந்தார். "ஒரு வகை பாத்துப் போடத் தெரியாதா உனக்கு? நீயே முதலாளிகிட்ட போய் ஸாரி சொல்லு."

அவள் எழுந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ போக வேணாம் சார். போன மாசம் எனக்கும் இப்படித்தான் ஆச்சு. அதுக்கு முன்னாடி உங்களுக்கும் ஆச்சு. மூணு பேருமே கவனமில்லாதவங்களா?"

"இன்னா சொல்ல வர்ற?"

"இந்த ஃபைல் சர்வருக்கு வேணுமா, வேணாமா? கேள்வி அவ்ளோதான் சார். இத்தனை வகை எதுக்கு?"

"மென்பொருள் செஞ்சவன் முட்டாளா?"

"அது தெரியாது சார். நமக்கு ஒத்துவரல."

"பிடிக்கலன்னா கிளம்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கிளம்பவில்லை. தோழி என் பக்கம் குனிந்தாள். "எதுக்குடி பேஜார்? நான் போய் சொல்லிட்டு வந்துட்றேன்."

"இன்னிக்கு சொன்னா அடுத்த வாரமும் சொல்லணும். உக்காரு."

உட்கார்ந்தாள். அன்று மதியமே இருவரும் வேலையில் இறங்கினோம். சர்வருக்குப் போக வேண்டியதெல்லாம் ஒரே ஃபோல்டருக்குள். பாதியில் நிற்கும் பக்கங்களும் சோதனைகளும் வெளியே. அந்த ஃபோல்டருக்குள் எது இருந்தாலும் அனுப்பு என்று ஒரே விதி எழுதினேன். மேலாளர் சேர்த்த வகைகளை ஒவ்வொன்றாக அழித்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனால் கோபம் அதைவிட ஜாஸ்தி. சாயங்காலம் அனுப்பிப் பார்த்தபோது பழுப்புகள் எல்லாம் வந்திருந்தன.

அவராகக் கண்டுபிடிக்கும் முன் நானே போய்ச் சொன்னேன். "மாத்திட்டேன் சார்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

மறுநாள் என்னைச் சரக்கு அனுப்பும் பிரிவில் டைப் அடிக்க உட்காரவைத்தார். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தலை குனியாமல் அடித்தேன். பழையபடி மாற்ற வேண்டுமானால் எல்லா ஃபைலுக்கும் அவரே மறுபடி வகை போட வேண்டும். அவர் அதைத் தொடவில்லை. தோழி புதுப் படங்களை ஃபோல்டரில் போட்டுக்கொண்டே இருந்தாள், ஒன்றுகூட விடுபடவில்லை.

சில வாரங்கள் கழித்து அவரே வந்தார். "பக்கம் எழுத ஆள் இல்ல. வா."

"ஃபோல்டர்?"

"அப்படியே இருக்கட்டும்."

"அவகிட்ட ஒரு வார்த்தை ஸாரி சொல்லிடுங்க சார். அப்புறம் வர்றேன்."

முறைத்துவிட்டுப் போனார். ஆனால் அவளிடம் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று தோழியைக் கேட்டேன். "'சரி, விடு'ன்னார்" என்றாள். அவளுக்கு அது போதுமாம். எனக்குப் போதவில்லை. இருந்தாலும் என் நாற்காலிக்குத் திரும்பினேன்.

பிறகு எத்தனையோ இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். ஃபைலுக்கு வகை கேட்கும் ஏற்பாட்டைக் கண்டால் இன்றும் முதலில் அதைத்தான் அழிக்கிறேன். அழித்த பிறகுதான் மேலே இருப்பவரிடம் சொல்கிறேன்.